ஒன்பதாம் குழி ஊருக்குள் வந்த கோடை

குளிர்பாறை கோல்ஃப் கிளப்பின் ஒன்பதாம் குழி, தன் மஞ்சள் கொடியையும் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து ஊருக்குள் இறங்கி வந்த அந்தக் கோடையில், அதை முதலில் பார்த்தவர் வத்தலக்குண்டு பஸ்ஸின் டிரைவர். மேகம் விலகியதும், பஸ் ஸ்டாண்டின் சிமெண்டுத் தரையில், தன் வண்டி வழக்கமாக நிற்கிற இடத்தில், சொம்பின் வாயளவுக்கு ஒரு குழியும் அதற்குள் ஆள் உயரக் கம்பியில் ஒரு கொடியும் நிற்பதைப் பார்த்தார். ஹாரன் அடித்துப் பார்த்தார். நகராது என்று தெரிந்ததும் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. காட்டுமாடு வந்து அசைபோட்டுக்கொண்டு நிற்கிற பஸ் ஸ்டாண்ட் அது, மேகம் கடைக்குள் நுழைந்து பன்னையெல்லாம் நமத்துப்போகச் செய்துவிட்டுப் போகிற ஊர் அது, அங்கே ஒரு குழி வந்து நின்றால் அதையும் சுற்றிக்கொண்டு போகத்தான் வேண்டும், வேறு என்ன செய்வது.

ஆனால் அது ஏன் வந்தது என்று ஊரில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

அவள் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி, அங்கே தெருவுக்கு நாலு செண்பகவல்லி உண்டு, ஆனால் கோல்ஃப் மைதானத்தை நிர்வாகம் செய்யப் படிக்கப் போன செண்பகவல்லி அவள் ஒருத்திதான். தோட்டக்கலையில் டிப்ளமோ முடித்து, நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்து, கல்யாணமாகி, ஆதிரை என்று ஒரு பெண்ணைப் பெற்றபிறகு, கட்டியவன் சூரத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். அவனைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவுதான், இதுவே அதிகம். குளிர்பாறை கிளப்பில் ஒரு வருஷப் பயிற்சி, முடிவில் வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள், தேறினால் மைதானத்தின் உதவி மேலாளர் வேலை, கூடவே மைதானத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டறை வீடு என்று விளம்பரம் பார்த்தாள். அந்த இரண்டறை வீட்டுக்காகத்தான் மலையேறினாள். வீடு கிடைக்கும்வரை பிள்ளையைக் கூட்டி வர வழியில்லை என்பதால், ஐந்து வயது ஆதிரையைத் தன் அக்கா உலகம்மாளிடம் விட்டுவிட்டு வந்தாள். உலகம்மாளுக்குப் பிள்ளை கிடையாது. புருஷன் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும்வரை அவள் சுவரோடு பேசிக்கொண்டிருந்த வீடு அது. ஆதிரை போனதும் சுவருக்கு ஓய்வு கிடைத்தது.

கோல்ஃப் மைதானத்தை நடத்தப் படிப்பது என்றால் கோல்ஃப் ஆடப் படிப்பது இல்லை. புல்லை எந்தப் பருவத்தில் எவ்வளவு ஒட்ட வெட்டுவது, எந்தப் பூஞ்சைக்கு எந்த மருந்து, உறைபனி விழுந்த புல்லை ஏன் மிதிக்கக் கூடாது, காட்டுமாடு மிதித்துவிட்டால் அந்தக் குளம்புப் பள்ளத்தை எப்படி ஆற்றுவது, தண்ணீரை எப்போது திறப்பது, வெட்டும் இயந்திரத்தின் பிளேடு மழுங்கியதைப் புல்லின் நுனி நிறத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது, மெம்பர் கோபப்படும்போது எந்த முகத்தை வைத்துக்கொள்வது, இப்படி அதற்கொரு பெரிய படிப்பு இருக்கிறது. செண்பகவல்லி எல்லாவற்றையும் ஆசையாகப் படித்தாள், முக விஷயம் மட்டும் அவளுக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. கொடி நிற்கிற வழுவழுப்பான பச்சைத் திட்டுக்குக் கிரீன் என்று பெயர். பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு கிரீனைப் பிரித்துக் கொடுப்பார்கள், வருஷக் கடைசியில் அதை வைத்துத்தான் பாஸா ஃபெயிலா என்பது. அவளுக்கு ஒன்பதாம் கிரீன் வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. கோல்ஃப் குழிக்கு நிரந்தர முகவரி கிடையாது. ஒரே இடத்தில் இருந்தால் ஆடுகிறவர்களின் கால் பட்டுச் சுற்றிலும் புல் செத்துப்போகும் என்பதால், தினமும் காலையில் குழியை இடம் மாற்றுவார்கள். குழிவெட்டி என்கிற இரும்புக் குழாயைப் புது இடத்தில் வைத்துத் திருகி அமுக்கினால், புல்லும் வேரும் மண்ணுமாக ஒரு கட்டி முழுசாக வெளியே வரும். அதைத் தூக்கிப் போய் நேற்றைய குழியில் இறக்கி, மிதித்து, தண்ணீர் தெளித்துவிட்டால் அங்கே குழி இருந்த தடமே தெரியாது. இன்றைய குழியின் மண் நேற்றைய குழிக்கு, நாளைய குழியின் மண் இன்றைய குழிக்கு. கிளப் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு குழியும் தன் மண்ணை முந்தின குழிக்குக் கொடுத்துவிட்டு, அது நாலடி தள்ளிக் கண்ணெதிரே நன்றாக இருக்கிறது என்கிற தைரியத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் நிற்கும். இதை எந்தப் பாடத்திலும் எழுதியிருக்கவில்லை. பிசகிய பிறகுதான் தெரிந்தது.

பிசகியது ஒரு மார்ச் மாதக் காலையில். மேகம் இறங்கி, பைன் மரங்களையெல்லாம் விழுங்கிவிட்டு, கிரீன்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. செண்பகவல்லி புதுக் குழியை வெட்டி மண்கட்டியைக் கையில் வாங்கின நேரம் போன் அடித்தது. அக்கா நம்பர். எடுத்தாள்.

"ஹலோ" என்றது, போனில் எதையோ அமுக்கி விளையாடிக்கொண்டிருந்த ஆதிரையின் குரல்.

"ஆதிரை, அம்மா பேசுதேன்டி."

"அம்மா தூங்குதாக" என்றது குழந்தை. அப்புறம், யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்த மரியாதையோடு, "நீங்க யாரு பேசுறது?" என்றது.

உலகம்மாளைப் பெரியம்மா என்றுதான் ஆதிரை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெரிய என்பது தேய்ந்து போய் அம்மா மட்டும் மிஞ்சியிருந்தது. செண்பகவல்லிக்கு அதில் கோபப்பட ஆள் அகப்படவில்லை. பிறகு அவள் என்ன செய்தாள் என்பது அவளுக்கே முழுசாக ஞாபகமில்லை. நேற்றைய குழியில் வாளியில் இருந்த மணலையும் விதையையும் கொட்டி நிரப்பினாள், புதுக் குழியில் கொடியை நட்டாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேகத்துக்குள் நடந்து தன் அறைக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் பையைத் திறந்தபோது உள்ளே அந்த மண்கட்டி, ஈரச் சாக்குத் துணியில் கழுத்துவரை போர்த்தி, புல் மட்டும் வெளியே தெரிய இருந்தது. அப்படி யார் போர்த்தினார்கள் என்று யோசித்தாள். அவள்தான் போர்த்தியிருக்க வேண்டும்.

உடனே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. காலி பெயிண்ட் டப்பா ஒன்றைக் கழுவி, அதில் மண்கட்டியை இறக்கி, சுற்றிலும் கொஞ்சம் மண் போட்டு ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். சாயங்காலம் வந்ததும் நகவெட்டிக் கத்திரியால் அதன் புல்லை ஒட்ட வெட்டினாள், தண்ணீர் தெளித்தாள், அன்று நடந்ததையெல்லாம் அதனிடம் சொன்னாள். புல் நன்றாகக் கேட்டுக்கொண்டது. நாளைக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம், இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே என்று நினைத்தாள்.

மறுநாள் ஒன்பதாம் கிரீனில் குழி இல்லை. கொடியும் இல்லை. அது பஸ் ஸ்டாண்டில் இருந்தது.

மைதான மேலாளர் பிலவேந்திரன் நல்ல மனிதர், ஆனால் எதற்கெடுத்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர். ஃப்ளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டு, "போனது போகட்டும்மா, புதுசா ஒண்ணு வெட்டிரு" என்றார். செண்பகவல்லி வெட்டினாள். அடுத்த மேகம் வந்து விலகியபோது புதுக் குழி மூடியிருந்தது. உள்ளே இருந்த மண் பொங்கி மேலே வந்து, புல் முளைத்து, கொடி தள்ளிவிடப்பட்டுப் பக்கத்தில் கிடந்தது. இன்னொன்று வெட்டினாள், அதுவும் அப்படியே ஆயிற்று. போன குழி திரும்பி வராமல் அந்தக் கிரீன் வேறொரு குழியை ஏற்றுக்கொள்வதாக இல்லை. பிலவேந்திரன் குனிந்து கிரீனைத் தடவிப் பார்த்துவிட்டு, "மே மாசக் கடைசில தேர்வுக்கு ஆளுக வர்றாங்களே" என்று மட்டும் சொன்னார். அது செண்பகவல்லிக்கும் தெரியும்.

குழி ஒவ்வொரு மேகத்துக்கும் ஒரு இடம் மாறியது. மேகம் இறங்கும்போது தபால் ஆபீஸ் வாசலில் இருக்கும், விலகும்போது உருளைக்கிழங்கு மண்டியில் இருக்கும். மாதா கோயில் முற்றத்தில் இருந்தது, மண்டபத்தில் ஒரு கல்யாணப் பந்திக்கு வந்தது, அங்கே அதற்கு முன்னாலும் ஒரு இலையைப் போட்டுப் பரிமாறினார்கள். ரேஷன் கடை வரிசையில் நடுவில் வந்து நின்றபோது பின்னால் இருந்தவர்கள் அதற்குரிய இடத்தை விட்டுத் தள்ளி நின்றார்கள், யாரோ முந்தப் பார்த்தபோது, "இந்தாப்பா, குழிக்குப் பின்னாடி நில்லு" என்று அதட்டினார்கள். மழை வந்தால் வீட்டில் இருக்கிறவர்கள் ஓடி வந்து, கொடியை உருவிவிட்டு ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினார்கள். அது எங்கே நின்றாலும், சிமெண்டானாலும் சரி, தார் ரோடானாலும் சரி, அதன் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் புல் இருந்தது. பிலவேந்திரன் ஒரு கத்திரியைப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் அலைந்து அதை வெட்டிவிட்டு வந்தார்.

மெம்பர்கள்தான் முதலில் சத்தம் போட்டார்கள். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, குழி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆட்டத்தை முடித்தாக வேண்டும், ஊருக்குள் இருந்தால் முடிக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை என்று முடிவு செய்தார்கள். அதற்கப்புறம் எட்டுக் குழிகளை மேட்டில் முடித்தவர்கள், ஒன்பதாவதற்குப் பந்தைச் சரிவில் தட்டிக்கொண்டே, பேரிக்காய்த் தோட்டத்தைத் தாண்டி, பஜாருக்குள் வந்து சேர்ந்தார்கள். கேரட் விற்கிற பெண் கூடையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கொடியை எடுத்துப் பிடித்துக்கொள்வாள், ஓய்வு பெற்ற நீதிபதி தராசுக்கும் மூட்டைக்கும் நடுவில் குனிந்து குறி பார்ப்பார், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பந்து உள்ளே விழுந்தால் மீன் கடையிலிருந்துகூடக் கைதட்டல் வரும். அதுவரை மேட்டுக் கிளப்பின் கம்பிவேலிக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத ஊர், ஒரு மாதத்தில் யாருடைய கை நடுங்கும், யார் எண்ணிக்கையில் பொய் சொல்வார் என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டது.

ஆனால் குழிக்குள் ஒன்றும் தங்கவில்லை. பாவம் என்று பன்னைப் போட்டார்கள், ஒரு பெண் தலையிலிருந்த மல்லிகையை எடுத்துப் போட்டாள், பிள்ளைகள் கோலிக்குண்டு போட்டார்கள். மறுநாள் அதெல்லாம் போட்டவர்களின் வீட்டு வாசலில் துடைத்துச் சுத்தமாகக் கிடந்தன. காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஒரு சத்தமும் இருக்காது, யாரோ அழுகையை அடக்கிக்கொண்டிருக்கும்போது இருக்கிற அமைதிதான் இருக்கும். தண்ணி கேட்குது என்றார்கள் சிலர், வயசாயிருச்சு என்றார்கள் சிலர்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பன்னும் டீயும் விற்கிற ஜெய்த்தூன் அக்கா மட்டும் வேறு மாதிரி சொன்னாள். செண்பகவல்லி குடியிருந்தது அந்தக் கடையின் மாடியறையில்.

"நானும் வந்ததுலருந்து பாக்குறேன்" என்றாள் ஜெய்த்தூன் அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே. "அது சுத்திப் பாக்க வரல. ஒவ்வொரு வாசலா நின்னு உள்ள எட்டிப் பாத்துட்டுப் போகுது. புள்ளையத் தொலைச்சவதான் இப்புடி நிப்பா. யாரு எடுத்து வச்சிருக்காங்களோ, குடுத்துத் தொலைக்க மாட்டேங்குறாங்க."

செண்பகவல்லி கிளாஸை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். "டீ ஆறுது, குடி" என்றாள் ஜெய்த்தூன் அக்கா.

கொடுத்துவிடலாம் என்று அவள் ஒவ்வொரு காலையும் நினைத்தாள். மண்கட்டியைத் தான்தான் எடுத்தேன் என்று சொன்னால் பயிற்சியிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்பது ஒரு பயம். அது ஒன்று மட்டுமாக இருந்தால் எப்படியாவது தாண்டியிருப்பாள். டப்பாவில் இருந்த புல் அத்தனை அழகாக வளர்ந்திருந்தது. அவள் கதவைத் திறக்கும்போது ஜன்னல் காற்றில் அவள் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அந்த அறையில் அவளுக்காகக் காத்திருந்த ஒரே உயிர் அதுதான். அது நன்றாகத்தானே இருக்கிறது, அதற்கு என்ன குறை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று ஏப்ரலைத் தாண்டிவிட்டாள்.

மே நடுவில் உலகம்மாள் போன் செய்தாள்.

"ஏட்டி செம்பகம், பள்ளிக்கூடம் தெறக்கப் போகுது. ஒண்ணாப்பு இங்கனயே சேத்துருவோமா? புள்ளைக்கு இந்த எடம் நல்லாப் பழகிட்டு."

"பரீட்சை முடியட்டும்க்கா. வீடு குடுத்துருவாக."

"குடுக்கட்டும், நான் வேண்டாம்னா சொல்லுதேன்? ஒனக்கு அங்க புல்லப் பாக்கதுக்கே நேரம் சரியா இருக்குமேன்னு பாத்தேன். இவ இங்க நல்லாத்தான இருக்கா. இன்னும் ஒரு வருசம் இருக்கட்டுமே."

அக்காவின் குரலில் பிடுங்கிக்கொள்கிற சூது ஒரு துளிகூட இல்லை. கைக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட ஒன்றை விட மனசில்லாத குரல் அது. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று செண்பகவல்லி யோசித்து, ஜன்னல் ஓரத்து டப்பாவைத் திரும்பிப் பார்த்து, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

தேர்வு நாள் காலையில் மேகம் மாடிப்படியேறி வந்தது. செண்பகவல்லி தலை வாரி, கிளப் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். மேகம் விலகியபோது வாசற்படிக்கு வெளியே, செருப்பு கழற்றுகிற இடத்தில், ஒன்பதாம் குழி நின்றது. ஊரிலுள்ள வாசலையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு வந்திருந்தது. கொடித்துணி வெயிலிலும் மழையிலும் நைந்து, ஓரமெல்லாம் கிழிந்து தொங்கியது. அது உள்ளே வரவில்லை. உள்ளே பார்த்துக்கொண்டு நின்றது.

செண்பகவல்லி உட்கார்ந்து முழங்கை வரை அதற்குள் கையை விட்டாள். சுற்றுச்சுவர் ஈரமாக இருந்தது. அடிமண் லேசாக, விட்டு விட்டுத் துடித்தது. அழுது முடித்த பிள்ளைக்கு வருகிற விசும்பல்போல. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மார்ச்சில் அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து அந்தக் குழி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாள் தான் இந்தக் குழியைப்போலக் கிடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, இதன் மண்ணை வைத்துக்கொண்டிருப்பது தான்தான் என்பதை அவள் மனசு வரவு வைக்கவே இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து டப்பாவை எடுத்தாள். "வா" என்றாள் குழியிடம். "போவோம்."

அவள் முன்னால் நடந்தாள், குழி பின்னால் வந்தது. அன்றைக்குத்தான் அது மேகம் இல்லாமல், எல்லோரும் பார்க்க நகர்ந்தது. படியில் ஒவ்வொன்றாக இறங்கி, கொடியை ஆட்டி ஆட்டி, அவள் குதிகாலை ஒட்டிப் பஜாரில் வந்தது. வத்தலக்குண்டு பஸ் ஒதுங்கி நின்று வழி விட்டது. கேரட்காரி கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள், ஜெய்த்தூன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள், ஊரில் பாதி வந்தது. ஜெய்த்தூன் அக்கா டப்பாவை எட்டிப் பார்த்தாள், செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். "கனமா இருந்தா சொல்லு, மாத்திக்கலாம்" என்றாள்.

ஒன்பதாம் கிரீனில் தேர்வாளர்கள் நின்றிருந்தார்கள். பந்து எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிற அலுமினியச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர்தான் அவர்களில் தலைவர். பிலவேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். செண்பகவல்லி டப்பாவும் கையுமாக, பின்னால் ஒரு குழியும், அதற்குப் பின்னால் ஒரு ஊருமாக வந்ததைப் பார்த்ததும் அவர் வெந்நீர் குடிக்கக்கூட மறந்துவிட்டார்.

"இந்தக் குழியோட மண்ண நான்தான் எடுத்துட்டுப் போயிட்டேன் சார்" என்றாள் செண்பகவல்லி, தேர்வாளரைப் பார்த்து. "மொத நாள் தெரியாம எடுத்தேன். அப்புறம் தெரிஞ்சேதான் வச்சிருந்தேன். குடுக்க மனசு வரல."

தேர்வாளர் அவளையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் எத்தனையோ மைதானம் பார்த்தவர். "சரி. வச்சுக் காட்டுங்க" என்றார்.

குழி தன் பழைய இடத்துக்குப் போய்ப் படுத்தது. வழக்கப்படி அந்த மண் பக்கத்தில் இருந்த முந்தின நாள் குழிக்குப் போக வேண்டியது. மார்ச்சில் அவள் மணலைக் கொட்டிய இடம் இன்னும் சொட்டையாகத்தான் கிடந்தது. ஆனால் இவ்வளவு அலைந்துவிட்டு வந்ததை இன்னும் நாலடி தள்ளி நின்று பார் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கொடியை உருவிவிட்டு, டப்பாவைத் தட்டி மண்கட்டியை எடுத்துக் குழிமேல் வைத்தாள்.

அது உள்ளே போகவில்லை. டப்பாவுக்குள் வேர் விட்டு, வேரைச் சுற்றி மண் பிடித்து, கட்டி பருத்திருந்தது.

"வளந்துருச்சுல்ல" என்றாள் ஜெய்த்தூன் அக்கா கூட்டத்திலிருந்து.

"ஓரத்தைச் சீவிட்டு இறக்குங்க" என்றார் தேர்வாளர். "அதுதான் முறை."

பிலவேந்திரன் கத்தியை நீட்டினார். செண்பகவல்லி வாங்கிக் கட்டியின் ஓரத்தில் வைத்தாள். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று புது வேர்கள், எல்லாம் அவளுடைய அறையில், அவள் ஊற்றின தண்ணீரைக் குடித்து வந்தவை, குழி பார்க்காத நாட்களில் வளர்ந்தவை. அவற்றைச் சீவிவிட்டால் மார்ச் மாத அளவுக்கு வந்துவிடும். கத்தியைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் சார். இது வேற எடத்துல வளந்த வேருதான், ஆனா இதோடதுதான். இதையும் சேத்துத்தான் வாங்கிக்கிடணும்."

"குழி அளவு மாறக் கூடாதும்மா" என்றார் தேர்வாளர்.

"நான் மாத்தல சார்."

சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் குழி, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் நிற்கிறவருக்காக நகர்ந்து உட்காருவதைப்போல, சுற்றிலும் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. மண்கட்டி தன் வேர் அத்தனையோடும் மெதுவாக உள்ளே இறங்கியது. அதன் அடி தரையைத் தொட்டபோது ஒரு சின்னச் சத்தம் வந்தது, ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ விட்டதுமாதிரி. கூட்டத்தில் சில பேர் அழுதார்கள், கேரட்காரி ஜலதோஷம் என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

பிறகு செண்பகவல்லி எழுந்து, படித்தபடி, புது இடத்தில் ஒரு குழி வெட்டி, அதன் மண்ணைச் சொட்டை விழுந்த அந்தப் பழைய குழியில் இறக்கி, மிதித்து, தண்ணீர் தெளித்தாள். புதுக் குழி மூடவில்லை. கிரீன் சமாதானமாகிவிட்டது.

ஆனால் மண்கட்டி இறங்கிய இடத்தில் ஒரு சின்ன மேடு நின்றுவிட்டது, சாப்பிட்ட பிள்ளையின் வயிறு அளவுக்கு. தேர்வாளர் சட்டத்தைச் சாய்த்துப் பந்தை உருட்டினார். பந்து மேட்டருகே வந்ததும் வேகம் குறைந்து, அதைச் சுற்றிக்கொண்டு, தன் போக்கில் போய்க் குழியில் விழுந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து உருட்டினார், அப்படியே ஆயிற்று. தேர்வாளர்கள் தள்ளிப் போய் ரொம்ப நேரம் பேசினார்கள். பெரியவர் திரும்பி வந்து, "மேடு ஒரு குறைதான். குறைச்சுத்தான் போடுவேன்" என்றார். "ஆனா கிரீனைக் காயப்படுத்தாம வேலை செய்யத் தெரியுது. பாஸ்." பிலவேந்திரன் அப்போதுதான் வயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

ஜூன் முதல் வாரம் உலகம்மாள் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முன்பல் விழுந்து, தலைமுடி நீண்டு, கால் நெடுநெடுவென்று வளர்ந்து, அந்தப் பெண் உலகம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. செண்பகவல்லி கையை நீட்டினாள், குழந்தை முந்தானைக்குள் இன்னும் கொஞ்சம் போனது. வரும் வழியெல்லாம் அக்காவை அம்மா என்று கூப்பிட்டது, இவளை எப்படியும் கூப்பிடவில்லை. தகரக் கூரை வீட்டில், செண்பகவல்லி ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த பள்ளிச் சட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். கை ஏறவில்லை. மனசில் இருந்த அளவுக்கு வாங்கியிருந்தாள்.

"நான் நாளைக்கே கெளம்பிருதேன்" என்றாள் உலகம்மாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. "நான் இருந்தா ஒங்கிட்ட ஒட்ட மாட்டா. தள்ளிவிட்டாத்தான் சரியாகும்."

செண்பகவல்லி சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த துணி நிறைய இருந்தது.

"தள்ளிவிடக் கூடாதுக்கா" என்றாள். "அவளுக்குப் பழகுதவரைக்கும் நீ இங்கன இரு. அத்தானையும் லீவு போட்டு வரச் சொல்லு. அப்புறம் லீவுக்கு லீவு அவ அங்க வருவா. ஒங்கிட்ட வளந்தத வெட்டிட்டா எனக்குப் பாதிப் புள்ளைதான் கெடைப்பா."

உலகம்மாள் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. செண்பகவல்லிக்கும் வலித்தது, வலிக்கவில்லை என்று யார் சொன்னது. பிரித்த தையலைப் பார்த்துக்கொண்டே அந்த வலியோடு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வெயில் சாய்ந்திருந்த நேரத்தில் மூன்று பேரும் மைதானத்துப் பக்கம் நடந்தார்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். ஆதிரை அவ்வளவு பச்சையை அதற்குமுன் பார்த்ததில்லை. கோவில்பட்டியில் அவ்வளவு பச்சை கிடையாது. இரண்டு பேரின் கையையும் விட்டுவிட்டு ஓடியது. ஓடிப் போய் ஒன்பதாம் கிரீனில், யாரும் காட்டாமலேயே, அந்தச் சின்ன மேட்டின் பக்கத்தில் குப்புறப் படுத்து அதில் காதை வைத்தது. கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் தலையைத் தூக்கி, வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தது.

"அம்மா, செருப்பக் கழத்திட்டு வா" என்றது ரகசியமாக. "இது தூங்குது."

எந்த அம்மாவைச் சொன்னது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புல்லில் சத்தமில்லாமல் நடந்து போனார்கள்.